முதலில் அறை, அடுத்து தூரம், அதன் பிறகே மைக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே பேச்சுப் பாட்காஸ்ட் தொடங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் உரையாடலைக் காதால் கேட்கும் பழக்கம் மீண்டும் வேர்விட்டுவரும் வேளையில், இப்படியொரு பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், எந்த மைக்கை வாங்குவது என்ற கேள்வியோடு அக்கட்டுரை நின்றுவிட்டது. வாங்கிய மைக் எப்படிப்பட்ட அறையில், பேசுபவரின் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கப்போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகப் பாடநூல்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் ஒலிப்பதிவு செய்யும் பணியில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையிலும், பாட்காஸ்ட் தொடங்கி ஒலி சரியாக வரவில்லை என்று வருந்தி வரும் இளைஞர்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்துவருபவன் என்ற முறையிலும், விடுபட்ட அந்தப் பகுதியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பேச்சுப் பாட்காஸ்டில் கேட்பவருக்குக் குரலைத் தவிர வேறு துணை கிடையாது. உதட்டசைவைப் பார்க்க முடியாது. திரையில் எழுத்து ஓடாது. பேருந்தில் போய்க்கொண்டும், அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டும், இரவுக் காவலில் உட்கார்ந்துகொண்டும் கேட்பவர்கள் சொல்லைத் தவறவிட்டால் மீண்டும் பின்னால் ஓட்டிக் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. வயது ஏற ஏற உயர் அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற மேல் ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரிதும் அங்கேதான் இருக்கிறது என்பதால், "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று முதியவர்கள் சொல்வதை வீடுதோறும் கேட்கிறோம். எங்கள் மாணவர்களில் பலர் பாடப் பதிவுகளை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்கள். நன்றாகப் பதிவான குரல் அந்த வேகத்திலும் சொல் சொல்லாகப் பிரிந்து நிற்கும். எதிரொலி கலந்த குரலில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடும். ஒலித்தரம் என்பது ஆடம்பரம் அன்று, கேட்பவருக்குச் செய்யும் அடிப்படை மரியாதை என்று நான் கருதுவது இதனால்தான்.

தமிழுக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. தலை, தளை, தழை ஆகிய மூன்றையும் ஒருவர் திருத்தமாக உச்சரித்தாலும், அந்த வேறுபாடு காதில் பதிவது ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வுகள் என்று சொல்லும் அலகு) வரையிலான பகுதியில் நாக்கின் அசைவுக்கேற்ப ஒலி சட்டென்று மாறும் அந்தச் சிறு கணத்தில்தான். அறையின் எதிரொலி அந்தக் கணத்தின் மேல் முந்தைய உயிரெழுத்தின் மிச்சத்தைப் பூசிவிடுகிறது. ழகரத்தைச் சரியாக ஒலிக்கத் தெரியாத தலைமுறை என்று இளைய அறிவிப்பாளர்களைக் குறை சொல்லும் கடிதங்கள் இதே பகுதியில் அவ்வப்போது வெளியாகின்றன. அவற்றில் ஒரு பங்கு நியாயம் இருக்கலாம். ஆனால் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே பதிவு செய்யப்பட்ட பேச்சில், சரியாக ஒலிக்கப்பட்ட ழகரமும் சிதைந்துதான் காதுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரை பரிந்துரைத்தது, பாடல் பதிவுக் கூடங்களில் பயன்படும் பெரிய சவ்வு கொண்ட கண்டென்சர் மைக். அது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இ.சி. வென்ட் 1916-இல் உருவாக்கிய அந்த முறை நூறு ஆண்டுகளைக் கடந்தும் உயர்தரப் பதிவின் அடையாளமாக நிற்கிறது. மிக மெல்லிய சவ்வு ஒன்றும், அதற்குப் பின்னே மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடும். சவ்வு அசையும்போது இடைப்பட்ட மின்தேக்கம் மாறி, அது மின் சமிக்ஞையாகிறது. சவ்வு இலேசானது என்பதால் மூச்சின் நுண்மையும், பேசுபவர் உதடு பிரிக்கும் ஓசையும்கூட அதற்குள் போய்விடும். அதே காரணத்தால் மேலே சுற்றும் மின்விசிறி, அடுத்த வீட்டு தண்ணீர் மோட்டார், தெருவில் போகும் ஆட்டோ எல்லாமும் போய்விடும். எதிரொலி அடக்கப்பட்ட, கதவு அடைத்த கூடத்தில் அது வரம். டைல்ஸ் பதித்த தரையும், சிமெண்டுப் பூச்சுச் சுவரும், கான்கிரீட் தளமும், கிரில் ஜன்னலும் கொண்ட நம் வீட்டு ஹாலில் அதை மேசையின் நடுவே நிறுத்தி, ஒரு முழத்துக்கு அப்பால் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதுதான் சிக்கல்.

டைனமிக் வகை இதற்கு மாறானது. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தப் புலத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும் எளிய அமைப்பு அது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. 1966-இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 நம் ஊர்க் கச்சேரி மேடைகளிலும் கட்சிக் கூட்டங்களிலும் இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கும் மைக். வானொலி நிலையங்களில் அறிவிப்பாளர்கள் முன்னால் நிற்கும் எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, ஷூர் எஸ்எம்7 வரிசை ஆகியவையும் டைனமிக் வகையே. பேச்சுக்கு, அதிலும் நம் வீடுகளில் பதிவாகும் பேச்சுக்கு, புதிதாக வாங்குபவர் இந்த வகையையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்க வேண்டியிருக்கிறது. டைனமிக் மைக் வெளி இரைச்சலை வடிகட்டிவிடும் என்று கடைக்காரர்களும் காணொலிகளில் பேசுபவர்களும் சொல்கிறார்கள். எந்த மைக்குக்கும் எது குரல், எது இரைச்சல் என்று தெரியாது. ஒரே திசையமைப்புள்ள, அதாவது ஒலியை ஒரே பக்கங்களிலிருந்து கேட்கும் ஒரு கண்டென்சரையும் ஒரு டைனமிக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்துப் பதிவு செய்து, குரலின் அளவைச் சமப்படுத்திக் கேட்டால், அறையின் எதிரொலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இருக்கும். டைனமிக்கின் உண்மையான நன்மை, அது நம்மை நெருங்கி வந்து பேச வைக்கிறது என்பதும், அப்படி நெருங்கிப் பேசினாலும் சகரத்தின் சீறலும் உதட்டு ஓசையும் காதைக் குத்தாமல் தாங்கிக்கொள்கிறது என்பதும்தான். அதையும் ஒரு முழம் தள்ளி வைத்துப் பேசினால் பயன் எதுவும் இல்லை.

ஆகவே தூரத்துக்கு வருகிறேன். மைக் வாங்குபவர் எவரும் பணம் செலவிடாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம் இதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைகிறது. அறை முழுவதும் பரவி நிற்கும் எதிரொலியோ கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. ஒரு முழம் தள்ளியிருக்கும் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபல், அங்கிருந்து அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் இன்னொரு 6 டெசிபல், ஆக 12 டெசிபல் அளவுக்குக் குரல் அறையை விஞ்சி நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் குரலைக் காயப்படுத்தாமல் இந்தப் பலனைத் தராது. அரைச் சாணுக்கும் குறைவாகப் போகும்போது குரலின் அடித்தளம் தடித்துக் கனமாக ஒலிக்கத் தொடங்கும். ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்கும் மைக்குகள் பெரும்பாலானவற்றின் இயல்பு அது. வானொலி அறிவிப்பாளரின் கம்பீரம் என்று பலர் வியப்பதில் இதற்கும் பங்குண்டு என்றாலும், அளவு மீறினால் பேச்சு மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

நெருங்கிப் பேசும்போது பகரம் வெடிக்கும். 'பப்பாளி', 'அப்போது', 'எப்படிப்பட்ட' போன்ற சொற்களில் வாயிலிருந்து காற்று நேராகப் புறப்பட்டுச் சவ்வை அறைகிறது. வட்டச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய வடிகட்டியோ, மைக்கின் தலையில் மாட்டும் பஞ்சுறையோ ஓரளவு தடுக்கும். அதைவிட நல்ல வழி, மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், உதட்டோரத்துக்குச் சற்று விலக்கி, முகத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது. காற்று நேராகப் போய்விடும்; குரல் எல்லாப் பக்கமும் பரவுவதால் மைக்குக்கு வந்து சேரும்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் என்று எழுதுவது எளிது. சித்திரை வெயிலில் நான்கு பேர் கூடிய அறையில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அதனால் இரண்டு யோசனைகளைச் சொல்கிறேன். பேச்சை ஒரே மூச்சில் பதிவு செய்யாமல், கால் மணி நேரப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, இடைவேளைகளில் விசிறியையோ குளிர்சாதனத்தையோ ஓடவிடலாம். கட்டாயம் ஓடத்தான் வேண்டும் என்றால், மைக்கின் திசையமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதய வடிவக் குறியிட்ட மைக்குகள், முன்னால் வருவதை முழுமையாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் கேட்பவை. மேசையிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மைக்கின் முகம் நம் வாயை மட்டுமல்லாமல் கூரையில் சுற்றும் விசிறியையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மைக்கைக் கைத்தாங்கி ஒன்றில் மாட்டி, நெற்றிக்கு மேலிருந்து வாயை நோக்கிக் கீழே சாய்த்து இறக்கினால், அதன் முதுகு விசிறியின் பக்கம் திரும்பிவிடும். இரைச்சல் முழுதாக மறையாது. ஆனால் வேறுபாடு காதுக்குத் தெளிவாகத் தெரியும். அப்படிச் செய்யும்போது மேசையின் மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையேல் மரப்பலகையில் பட்டுத் திரும்பும் குரல் சேர்ந்து பதிவாகும்.

மைக்கின் எந்தப் பக்கம் பேசுவது என்பதையும் பலர் பார்ப்பதில்லை. எஸ்எம்58 போன்றவற்றில் நுனியை நோக்கிப் பேச வேண்டும். 2009-இல் வந்து உலகெங்கும் மேசைகளில் இடம்பிடித்த புளூ யெட்டி போன்றவற்றில், நிறுவன முத்திரை இருக்கும் பக்கவாட்டை நோக்கிப் பேச வேண்டும். உச்சியை வாய்ப்பக்கம் சாய்த்து வைத்தால் அது குரலைச் சரியாகக் கேட்காது. அந்த மைக்கில் நான்கு திசையமைப்புகள் உள்ளன என்பதால், ஒருவர் மட்டும் பேசும்போது இதய வடிவக் குறிக்குத் திருகி வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அறை. சுவரெங்கும் முட்டை அட்டையை ஒட்டிவிட்டால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. முட்டை அட்டையும், இணையத்தில் கட்டுக்கட்டாக விற்கும் மெல்லிய பஞ்சுச் சதுரங்களும் உயர் அதிர்வெண்களில் மட்டும் சிறிது பிடித்துக்கொண்டு, மனிதக் குரலின் உடல் இருக்கும் நடு, கீழ்ப் பகுதிகளை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். விளைவாக, அறை எதிரொலிப்பதோடு மங்கலாகவும் ஒலிக்கும். ஒலியை உறிஞ்சத் தடிமன் வேண்டும், காற்று நுழையும் மென்மை வேண்டும். இவை இரண்டும் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது, கடையில் வாங்கும் எந்தப் பஞ்சுச் சதுரத்தையும்விடப் பயன் தரும். மைக் முன்னால் வருவதைத்தான் கேட்கிறது என்பதால், பேசுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் முதலில் மறைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தரையில் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரிக்கலாம். ஜன்னலுக்குக் கனத்த போர்வையைத் தொங்கவிடும்போது சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டால், அதே போர்வை இன்னும் கீழான அதிர்வெண்களையும் பிடிக்கும். இரும்பு பீரோ இருக்கும் அறையில், அதன் கதவில் பட்டு வரும் கணகணப்பைத் தவிர்க்க அதன் மேலும் ஒரு போர்வை வேண்டும். துணிகள் அடைந்த சிறு படுக்கையறை, விசாலமான ஹாலைவிட எப்போதும் மேல். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அங்கேயே நின்றுவிட்டால் பேசலாம், சுவர்களில் பட்டுக் கிணுகிணுத்தால் இன்னும் துணி வேண்டும்.

அண்மையில் ஸ்ரீரங்கத்தில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பேட்டி காண வந்த இரண்டு இளைஞர்களோடு நானும் சென்றிருந்தேன். அவருடைய வீட்டு ஹால் நல்ல வெளிச்சமுள்ளது; வந்தவர்கள் அங்கேயே மேசையைப் போட்டு, நடுவில் ஒற்றை மைக்கை வைத்து, எல்லோரையும் கேட்கும் அமைப்பில் திருகிவிட்டுப் பேசத் தொடங்கினார்கள். பெரியவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். இரண்டு நிமிடம் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்டவரின் குரல் ஓங்கியும், பெரியவரின் குரல் கோயில் மண்டபத்தில் தொலைவிலிருந்து யாரோ பேசுவதுபோலவும் இருந்தது. "ஐயா, கொஞ்சம் சத்தமாகப் பேச முடியுமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "நான் இப்படித்தான் தம்பி வகுப்பிலும் பேசுவேன், பிள்ளைகள்தான் கிட்டே வந்து உட்காருவார்கள்" என்றார் அவர். அதன் பிறகு எல்லோருமாகப் படுக்கையறைக்கு மாறினோம். பெரியவரைக் கட்டிலில் வசதியாக உட்கார வைத்து, பின்னால் மெத்தையை நிமிர்த்தி, சாதாரண மேடை மைக் ஒன்றை அவர் உதட்டோரம் அரைச் சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் தன் இயல்பான குரலிலேயே பேசினார். காதொலியில் (ஹெட்போனில்) கேட்டபோது, ஒரு பாடலடியைச் சொல்வதற்கு முன் அவர் இழுத்துக்கொண்ட மூச்சும், றகரத்தில் நாக்கு நுனி அதிர்ந்த அதிர்வும் அருகில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்டன. முதியவர்களைப் பதிவு செய்யச் செல்பவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அவர்களைச் சத்தமாகப் பேசச் சொல்லாதீர்கள், மைக்கை அவர்களிடம் கொண்டுபோங்கள்.

இருவர் பேசும் நிகழ்ச்சிக்கு இரண்டு மைக் வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மைக், ஒவ்வொன்றும் தனித் தடத்தில். இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் குரல் இரண்டு மைக்குகளிலும் சிறு கால வேறுபாட்டோடு நுழைந்து, கலக்கும்போது உள்ளீடற்று ஒலிக்கும். யுஎஸ்பி மைக்குகள் இரண்டை ஒரே கணினியில் ஒன்றாகப் பதிவு செய்வது தொல்லை தரும் வேலை என்பதால், இரண்டாவது ஆளோடு பேசும் எண்ணம் இருப்பவர்கள், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோ மைக்குகளின் மூன்று முனைச் செருகி) துளைகள் உள்ள சிறிய ஒலி இடைமுகப் பெட்டியை வாங்குவது நல்லது. தனியாகத் தொடங்கிப் பின்னால் விரிவாக்க நினைப்பவர்களுக்கு, யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் என இரண்டு வழியிலும் இணையும் டைனமிக் மைக்குகள் கிடைக்கின்றன. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் ஆகியவை அந்த வகை. புகழ்பெற்ற எஸ்எம்7பி-யைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் சமிக்ஞை மிகவும் மெல்லியது, ஏறத்தாழ 60 டெசிபல் பெருக்கம் கேட்பது. விலை குறைந்த இடைமுகத்தில் அவ்வளவு பெருக்கினால் குரலோடு சேர்ந்து உஸ் என்ற இரைச்சலும் எழும். மைக்குக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு, தாங்கிக்கும் காதொலிக்கும் பணமில்லாமல் நிற்பதைவிட, கையில் இருப்பதில் பாதியை மட்டும் மைக்குக்கு ஒதுக்குவதே விவேகம்.

இணையத்தில் தாங்கி, வடிகட்டி, குட்டி ஒலி அட்டை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக மலிவு விலையில் வரும் கண்டென்சர் தொகுப்புகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஸ்டுடியோ வகைக் கண்டென்சர்கள் பலவும் 48 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்க வேண்டியவை. செல்போன் துளையில் செருகும் சிறு முனையோடு வருபவற்றுக்கு அந்த மின்னழுத்தம் கிடைக்க வழியில்லை. மேலும், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கண்டென்சர் வைத்திருப்பவர்கள், பயன்படுத்தாத நேரத்தில் அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். தகட்டுக்கும் சவ்வுக்கும் இடையே ஈரம் சேர்ந்தால் படபடவென்ற ஓசை தோன்றும்.

ஒரு பைசாவும் செலவிட இயலாதவர்களுக்கு: கையில் இருக்கும் செல்போன் போதும். அதன் அடிப்பக்கத் துளையை உதட்டோரம் அரைச் சாணில் வைத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றி, துணி நிறைந்த அறையில் பேசினால் கிடைக்கும் ஒலி, ஹாலில் விலையுயர்ந்த மைக் தரும் ஒலியைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் புளூடூத் காதொலியின் மைக்கைப் பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த மைக்கை இயக்கியவுடன் பெரும்பாலான கருவிகள் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகின்றன. வழக்கமாக அந்த முறையில் மாதிரி வீதம், அதாவது ஒலியை அளந்து குறித்துக்கொள்ளும் எண்ணிக்கை, வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மட்டுமே. அந்த எண்ணிக்கையில் பாதியான 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி பதிவிலேயே இருக்காது. சகர, ஸகர, ஷகரங்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெளியூர் விருந்தினரிடம் பேசும்போதும், அழைப்பின் ஒலியைப் பதிவு செய்யாமல், அவர் தன் பக்கத்துக் குரலைத் தன் செல்போனிலேயே பதிவு செய்து அனுப்பும்படி கேட்கலாம். தொடக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு முறை கைதட்டினால் இரண்டு பதிவுகளையும் பொருத்துவது சுலபம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி மிகவும் சுருக்கப்பட்டுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

மடிக்கணினியில் பதிவு செய்யும்போது மெல்லிய ரீங்காரம் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மண்ணிணைப்பு இல்லாத இரண்டு முனைச் செருகிகள் இந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கும் அதன் மடங்குகளுக்கும் அடிக்கடி காரணமாகின்றன. பதிவு அளவைப் பொறுத்தவரை, ஓங்கிப் பேசும் இடத்திலும் அளவு காட்டும் முள் (0 தான் உச்சம்) மைனஸ் 10 டெசிபலை ஒட்டியே நிற்கட்டும். உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னால் சரிசெய்ய முடியாது, குறைவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம்.

பதிவுக்குப் பிறகு செய்யும் திருத்தங்களில் குறைவாகச் செய்பவரே நன்றாகச் செய்பவர். 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளே இதற்குப் போதுமானது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டினால் மேசை அதிர்வும் வண்டி ஓசையும் அடங்கும். குரல் குடத்துக்குள் பேசுவதாகத் தோன்றினால் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் சற்றுக் குறைக்கலாம். பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் அமுக்கியை மிதமாகப் பயன்படுத்தலாம். இரைச்சல் நீக்கியை மட்டும் கை நடுங்கியே தொட வேண்டும். அதை முழுதாகத் திருகியவர்களின் பதிவில் சொற்களின் ஓரங்கள் கரைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஒலி வருகிறது, முதலில் சொன்ன ல, ள, ழ வேறுபாடும் அதோடு போய்விடுகிறது. இறுதி உரத்த அளவை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) அருகிலும், உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குள்ளும் வைத்தால், அடுத்தடுத்த நிகழ்ச்சிகளைக் கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஒலியளவைத் திருக வேண்டியிராது. தொடக்க இசை குரலைவிட ஓங்கி ஒலித்துக் காதை அடைப்பதும், பேச்சின் அடியில் நிகழ்ச்சி முழுவதும் இசை ஓடிக்கொண்டிருப்பதும் நம் பாட்காஸ்டுகளில் பரவலாக இருக்கின்றன. செவித்திறன் குறைந்தவர்களுக்கு அந்த அடியிசை பேச்சையே மறைத்துவிடுகிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று இதை நடத்துவோர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கப்பட்ட நாள் முதல் வானொலிக்காரர்கள் கடைப்பிடித்துவந்த ஒழுங்கில், ஒலி அடக்கிய அறையும், மைக்குக்கு முன் அசையாமல் உட்காரும் பழக்கமும் கருவியின் பெயருக்கு முன்பாக வந்தன. அந்த அறைகள் நம் இளைஞர்களுக்கு எட்டாதவை. மாவட்ட மைய நூலகங்களில், புத்தக அடுக்குகள் சூழ்ந்த ஒரு சிறு அறையைக் கனத்த திரையிட்டு, இரண்டு மைக்குகளோடு முன்பதிவு முறையில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால், வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காக நூல் வாசிக்கும் தன்னார்வலர்களும், பாட்காஸ்ட் நடத்துபவர்களும் ஒருசேரப் பயன்பெறுவார்கள். பொது நூலகத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி மைக்குகளை மதிப்பிட்டு எழுதும்போது, விலையையும் தோற்றத்தையும் மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு மைக்கிலும் ஒரே ஆள் ஒரே பத்தியைச் சாதாரண வீட்டு அறையில், விசிறி ஓடும்போது ஒரு முறையும் நின்றபோது ஒரு முறையும், ஒரு முழத்திலும் அரைச் சாணிலும் வாசித்த பதிவுகளைத் தங்கள் இணையதளத்தில் ஏற்றி, அதற்கான குறியீட்டுச் சதுரத்தைக் (க்யூஆர் கோடு) கட்டுரையின் ஓரத்தில் அச்சிட வேண்டும். அந்தப் பத்தியில் தலை, தளை, தழை மூன்றும் இடம்பெறட்டும். வாசகர்கள் தங்கள் செல்போனின் சிறு ஒலிபெருக்கியிலேயே கேட்டு, எது தங்களுக்கு வேண்டும் என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒலிநூல் பதிவாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.